மேற்குச் சுவருக்கு வந்த வேர்க்குரு

வெயிலுகந்தபுரம் தாய்சேய் ஆஸ்பத்திரியின் மேற்குச் சுவருக்கு வேர்க்குரு வந்தது அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில்தான் என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்துக் கிடையாது; முதலில் அதைப் பார்த்தது பால்காரரா பூக்காரியா என்பதிலும், முதல் குரு சன்னலுக்கு மேலே புறப்பட்டதா கீழே புறப்பட்டதா என்பதிலும்தான் இன்றைக்கும் டீக்கடையில் வாய்த்தகராறு நடக்கும். முந்தின நாள் சாயங்காலம் வரை சுண்ணாம்புப் பூச்சில் மழமழவென்று நின்றிருந்த சுவர், விடிந்து பார்த்தபோது அடி முதல் உச்சி வரை, கடுகளவிலும் மிளகளவிலும், லேசாகச் சிவந்து, உள்ளங்கையை வைத்தால் சொரசொரவென்று, ஒரு குழந்தையின் முதுகில் பொரிந்திருப்பதைப் போலவே பொரிந்து நின்றது. பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு, நேரமாகிறதே என்று பாலை ஊற்றப் போய்விட்டார்.

அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். கூரையே வேண்டாம், வெயில்தான் எனக்கு வேண்டும் என்று மொட்டை வெளியில் நிற்கிற அம்மனைக் கும்பிட்டுப் பிழைக்கிறவர்கள், ஒரு சுவர் பொரிந்ததற்கெல்லாம் வாயைப் பிளக்க மாட்டார்கள். என்ன செய்யணும் என்றுதான் கேட்பார்கள்.

அந்தச் சுவரைக் கட்டியவள் பெயர் சுடர்க்கொடி. வெயிலோடு மல்லுக்கு நிற்கப் பிறந்தவளுக்கு, கட்சி மேடைகளில் தமிழ் முழங்கிய அவள் அப்பா பார்த்துப் பார்த்து வைத்த பெயர் அது. இதே ஆஸ்பத்திரி சந்தைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருந்த காலத்தில், இதே மாதிரி ஒரு சித்திரையில் அவள் பிறந்தாள். பிறந்த வாரத்திலேயே பிடரியில் வேர்க்குரு பொரிந்து, அது வேனல்கட்டியாகப் பழுத்து, கீறிவிட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. கட்டிடம் வரைகிற படிப்புக்கு ஏன் போனாய் என்று யாராவது கேட்டால் பின்னலைத் தூக்கி அந்தத் தழும்பைக் காட்டுவாள். அதற்கு மேல் விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை.

நகராட்சி புது ஆஸ்பத்திரிக்கென்று ஒதுக்கிய மனை ரயில்பெட்டி போல நீளமாக, மேற்கே பார்த்துக் கிடந்தது. படிக்கட்டையும் குளியலறையையும் மேற்கே தள்ளி, கட்டில்களைக் கிழக்கே போடலாம் என்று நினைத்துப் பார்த்தாள். மனையின் அகலம் அதற்கு இடம் தரவில்லை. வார்டுகள் மேற்கே பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றான பிறகு, மேற்குச் சுவர்தான் எல்லாம் என்று முடிவு செய்து, சுவரை இரண்டு சுவராகக் கட்டி நடுவே கை நுழைகிற அளவு காற்றை விட்டு, சன்னல்களை ஒடுக்கமாக, ஆழமாக, சாய்ந்த வெயில் உள்ளே காலெடுத்து வைக்க முடியாதபடி பதித்து, மேல்தளத்தில் வெள்ளை ஓடு பாவி, சூடேறிய காற்று தானே மேலே ஏறிப் போய்விட நடுவில் முற்றமும் விட்டு, தன் முதல் அரசாங்கக் கட்டிடத்தைப் பிள்ளையைப் பெறுகிற மாதிரிப் பெற்றெடுத்தாள்.

சேர்மன் குருசாமிக்கு அந்தக் கட்டிடத்தைக் கண்டாலே ஆகவில்லை.

"ஏம்மா சுடரு, மெட்ராஸ்ல போய்ப் பாரு. ஆஸ்பத்திரின்னா வாசல்ல நின்னே தலை சீவிக்கிடலாம், அம்புட்டுக் கண்ணாடி. நீ என்னன்னா கோட்டைச் செவுரு மாதிரி கட்டி வச்சிருக்க."

"மேக்க பாத்த மனை அண்ணாச்சி. கண்ணாடி போட்டா சாயந்திரம் உள்ள கிடக்கிற பச்சைப் பிள்ளைக அவிஞ்சு போகும்."

"ஏசி போட்டுருவோம்."

"கரண்டு போனா?"

அந்த ஊரில் கரண்டு எப்போது போகும் என்பது சேர்மனுக்குத் தெரியாதா? வெயில் எப்போது உச்சிக்கு வருகிறதோ அப்போது போகும். அதனால் அவர் பேச்சை மாற்றினார்.

"முகப்புன்னா முகந்தானம்மா. முகத்துல ஒரு பளபளப்பு வேணாமா?"

"முகம் இல்ல அண்ணாச்சி, தோலு. அம்புட்டு வெயிலையும் வாங்கிக்கிட்டு உள்ள விடாம நிக்கிற தோலு."

சுவரின் நிழலில் நின்றுதான் அவள் இதைச் சொன்னாள். சுவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் அப்படிச் செய்தது என்று பின்னால் ஊர் பேசியது. சேர்மன் காதில் மட்டும் அது ஏறவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவர். பழைய கூரை சரிந்ததால் திறப்பு விழாவுக்கு முன்பே தாய்மார்களும் பிள்ளைகளும் புதுக் கட்டிடத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவதற்குள் மேற்குச் சுவர் முழுக்கப் பச்சைக் கண்ணாடியால் மூடிவிட வேண்டும் என்று நகராட்சியில் தீர்மானம் போட்டு, லாரியில் கண்ணாடியும் அலுமினியச் சட்டங்களும் வந்து இறங்கிவிட்டன. சட்டங்களை அடிக்க வேண்டிய காலையில்தான் சுவர் பொரிந்து நின்றது.

இங்கேதான் வெயிலுகந்தபுரத்துக்காரர்கள் தங்களுக்கென்றே உரிய அந்தத் தப்பைச் செய்தார்கள். கோடையில் உடம்பில் முத்து முத்தாகப் பொரிந்தால் அவர்களுக்கு ஒன்றுதான் தோன்றும். சுவரைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மா வந்திருக்கா" என்றார்கள். சுவருக்கு அம்மை போட்டிருக்கிறது என்று வெயில் ஏறுவதற்குள் ஊரே முடிவு செய்துவிட்டது. வாசலில் வேப்பிலை கட்டினார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், சுவர் கேட்கும்படி யாரும் உரக்கப் பேசவில்லை, ஆஸ்பத்திரிக் கேண்டீனில் தாளிப்பை நிறுத்தினார்கள், வெள்ளைச் சட்னியைத் தொட்டுக்கொண்டு டாக்டர்களும் முணுமுணுக்காமல் இட்லி தின்றார்கள். கண்ணாடி மாட்ட வந்த ஆட்கள், அம்மை கண்ட உடம்பில் ஆணி அடிக்கவா என்று சொல்லி, சாமான்களை வேப்பமரத்தடியில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். சேர்மனும் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை பொறுப்போம் என்று சொல்லிவிட்டார். சாமி காரியத்தில் அவருக்குப் பயம் உண்டு, ஓட்டுப் பயமும் உண்டு.

சுடர்க்கொடிக்குச் சிரிப்பு வந்தது. கணக்குப் போட்டு, படம் வரைந்து, வெயில் விழுகிற கோணத்தைக் காட்டிக் காட்டிப் பேசியும் காப்பாற்ற முடியாத சுவரை ஒரு வேப்பங்கொத்து காப்பாற்றிவிட்டதே என்று நினைத்தாள். அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. அம்மை கண்ட வீட்டுக்குள் வயிற்றுப்பிள்ளைக்காரி காலெடுத்து வைக்க மாட்டாள். இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளைச் சுற்றியெடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். புதிதாக வருகிறவர்கள் வாசலில் வேப்பிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சந்தைக்குப் பின்னால் பாதி சரிந்து நிற்கிற பழைய ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி அங்கேயே பிரசவம் பார்க்கச் சொன்னார்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற பேச்சித்தாய் என்கிற பெண், இடுப்பு வலியோடு, உச்சி வெயிலில், வயிற்றை முந்தானையால் மறைத்துக்கொண்டு, சுவர் இருந்த பக்கமே திரும்பாமல் கொட்டகையைப் பார்த்து நடந்ததைச் சுடர்க்கொடி கண்ணால் பார்த்தாள். அவள் கை தானாகப் பிடரிக்குப் போயிற்று.

நேரே தலைமை நர்ஸ் ஜெபமணியிடம் போனாள்.

ஜெபமணி சிஸ்டர் பிரசவம் பார்த்த பிள்ளைகளை வைத்தே ஒரு தனி நகராட்சி நடத்தலாம். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, சுவரை ஒரு குழந்தையைத் திருப்பிப் பார்ப்பது மாதிரி இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு குருவை விரலால் அழுத்தி, காதை வைத்துக் கேட்டு, கடைசியில் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துச் சன்னலோர இடுக்கில் செருகி, பொறுமையாக நின்று எடுத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்ல. முத்துல நீர் கோக்கலை. அம்மையாவது ஒண்ணாவது. இது வேர்க்குரு."

"நெசமாவா சிஸ்டர்?"

"பின்ன? பச்சைப் பிள்ளைக கழுத்துல, இடுப்புல, அக்குள்ல வர்ற அதே வேர்க்குரு. ஒண்ணு கவனிச்சியா? சித்திரை பொறந்ததுல இருந்து என் வார்டுல ஒரு பிள்ளைக்கு வேர்க்குரு வரலை. பவுடர் டப்பாவை நான் தொறக்கவே இல்ல. அதுகளுக்கு வர வேண்டியதைப் பூராவும் இது வாங்கிக்கிட்டு நிக்கி."

சுடர்க்கொடி சுவரைப் பார்த்தாள். தோல் என்று அவள் பேச்சுக்குச் சொன்னாள். அது தோலாகவே நின்றிருந்தது. ஒரு அம்மா தன் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்பும் வாசிக்கக் கேட்பாளே, அந்த மாதிரி ஒரு பெருமை அவளுக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

"வேர்க்குருன்னு சொல்லிரவா?" என்றார் ஜெபமணி. "சொன்னா நாளைக்கே கண்ணாடி ஏறும். அம்மையாவே இருக்கட்டும்னா நான் வாயைத் தொறக்கலை. நீதான் சொல்லணும், நீ பெத்த செவுரு."

சன்னல் வழியாக உள்ளே காலிக் கட்டில்கள் தெரிந்தன. குளுகுளுவென்று, யாருமே இல்லாமல் கிடந்தன.

"சொல்லிருங்க சிஸ்டர்," என்றாள் சுடர்க்கொடி. "ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு நிழலு."

ஜெபமணி வாசலுக்குப் போய், வேப்பிலையை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். "அம்மை இல்லம்மா, வேர்க்குரு. தாளிச்சுச் சாப்பிடுங்க."

அவர் சொல்லிவிட்டால் அந்த ஊரில் மறு பேச்சில்லை. அம்மனென்றால் பயந்து தள்ளி நின்றவர்கள், வேர்க்குரு என்றதும் உரிமையோடு கிட்டே வந்துவிட்டார்கள். வேர்க்குருவுக்கு வைத்தியம் தெரியாதவர் என்று அந்த ஊரில் ஒருவர் கிடையாது. பதநீர்க்காரர்கள் நுங்கைக் கொண்டுவந்து சுவரடியில் வெட்டினார்கள், பெண்கள் நுங்குத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி எட்டிய மட்டும் தடவினார்கள், எட்டாத இடத்துக்கு வெள்ளையடிக்கிறவர்கள் ஏணியும் மட்டையும் கொண்டுவந்தார்கள், சந்தனத்தை அரைத்துப் பூசலாமா கூடாதா என்று கோயில் பூசாரிக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் சச்சரவு வந்தது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சுவரைச் சொறிந்துவிடப் போய் ஜெபமணியிடம் அடி வாங்கினார்கள். சொறியக் கூடாது, தடவத்தான் வேண்டும். ஜில்லென்ற நுங்குத் தண்ணீர் பட்ட இடத்தில் சுவர் ஒரு தரம் சிலிர்த்து அடங்கும். அதைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். கட்டில்கள் நிறைந்தன. கொட்டகையில் ஆண்பிள்ளை பெற்ற பேச்சித்தாயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள். வரும்போது பிள்ளைக்குப் பிடரியெல்லாம் பொரிந்திருந்தது, வந்த மறுநாளே அமுங்கிவிட்டது, சுவரில் அவள் கட்டிலுக்கு நேரே புதிதாக ஒரு கைப்பிடி குரு கிளம்பியிருந்தது.

கண்ணாடியும் ஏறத் தொடங்கியது. அம்மன் இல்லை என்று ஆன பிறகு சேர்மனை யார் நிறுத்துவது? "முகத்துல குரு வந்தா மூடத்தான செய்வாக?" என்றார். குருசாமி ஊரில் சுவருக்கும் குரு என்று டீக்கடையில் கேலி பேசியது அவருக்குக் கடுப்பு. சுடர்க்கொடி நகராட்சிக்கு நடந்தாள், என்ஜினீயர்களிடம் பேசினாள், கடைசியில் ஏணியை மறித்து நின்றும் பார்த்தாள். தீர்மானம் போட்டாச்சும்மா என்று அவளை மரியாதையாக நகர்த்திவிட்டு, தெற்கு வார்டின் சுவரை மேலிருந்து கீழ்வரை பச்சைக் கண்ணாடியால் மூடிவிட்டார்கள். வடக்கு வார்டுக்கு நாளைக்கு என்றார்கள்.

மறுநாள் மத்தியானம் கரண்டு போனது.

வெயில் சாயச் சாயக் கண்ணாடி தகதகத்தது. எதிர்த்த தெருவில் பழவண்டிக்காரர்கள் கண் கூசி இடம் மாறினார்கள். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிய சூடு போக வழியில்லாமல் புழுங்கி, சுவரில் பொரிந்திருந்த குருவெல்லாம் ஒவ்வொன்றாக அமுங்கிப்போக, வெளியே அமுங்கியது உள்ளே கிளம்பியது. முதலில் ஒரு பிள்ளை அழுதது, பிறகு தெற்கு வார்டு முழுக்க அழுதது. தாய்மார்கள் துணியை விலக்கிப் பார்த்தால் கழுத்திலும் இடுப்பிலும் தொடை மடிப்பிலும் செக்கச் செவேலென்று பொரிந்திருந்தது. வடக்கு வார்டில் பிள்ளைகள் சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தன.

பேச்சித்தாய்தான் முதலில் எழுந்தாள். அவள் கட்டில் தெற்கு வார்டில் இருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து கண்ணாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"வேர்க்குரு வந்த உடம்புக்கு நைலான் சட்டை போட்டு விட்டிருக்கானுக. எந்த வீட்லய்யா இந்தக் கூத்து நடக்கும்?"

சுடர்க்கொடி இத்தனை நாள் கணக்கும் படமுமாகச் சொல்லி முடியாததை அந்த ஒரு வாக்கியம் சொல்லி முடித்துவிட்டது. அந்த ஊரில் கைப்பிள்ளைக்கும் தெரியும், வேர்க்குருவை மூடக் கூடாது. பழைய நூல்துணியைத் தளர்வாக, உடம்பில் ஒட்டாமல் போட்டு, காற்றோட விட வேண்டும். தெற்கு வார்டே பிள்ளைகளும் கையுமாக வெளியே வந்து நின்றுவிட்டது. செய்தி போன வேகத்தில் சேர்மன் கஞ்சி போட்ட சட்டையோடு ஜீப்பில் வந்து இறங்கினார்.

ஜெபமணி சிஸ்டர் உள்ளே போனார். தெற்கு வார்டுப் பிள்ளை ஒன்றையும் வடக்கு வார்டுப் பிள்ளை ஒன்றையும் இரண்டு கையிலும் ஏந்தி வந்து, சேர்மன் முன்னால் திருப்பிக் காட்டினார். ஒரு முதுகு சிவந்து பொரிந்திருந்தது, ஒரு முதுகு நுங்கின் உள்பக்கம் போல வழவழவென்று இருந்தது. சேர்மன் மாறி மாறிப் பார்த்தார். பார்க்கும்போதே அவர் கை சட்டைக் காலருக்குள் போய்க் கழுத்தைச் சொறிந்தது. அவர் வீட்டுக்கும் முகப்பில் கண்ணாடிதான். தனக்கு வந்தால்தானே தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிள்ளைகளுக்கு வரும்னு நீ சொன்னியாம்மா?" என்று சுடர்க்கொடியிடம் கேட்டார்.

"சொன்னேன் அண்ணாச்சி. ஏசி போட்டுருவோம்னீங்க."

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியில் தெரிந்த தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டு, "கழட்டுங்கய்யா" என்றார்.

கண்ணாடி இறங்கிய பிறகு நடந்ததைத்தான் வெயிலுகந்தபுரத்துக்காரர்கள் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பழஞ்சேலை வந்தது. தூளி கட்டித் தூளி கட்டிப் பஞ்சாக மெலிந்த நூல்சேலைகள். இன்ன சேலையில் மூத்தவள் தூங்கினாள், இன்னதில் இளையவன் தூங்கினான் என்று பேர் சொல்லிக் கொடுத்தார்கள். சுடர்க்கொடி மாடியிலிருந்து மூங்கில்களை வெளியே நீட்டி, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிச் சேலைகளைத் தொங்கவிட்டாள். கீழே காற்று நுழைய, இடையில் ஏற, மேலே போக வழி விட்டாள். வெயில் சேலையில் விழுந்து அங்கேயே களைத்துப்போனது. அமுங்கியிருந்த குருக்கள் திரும்பவும் சுவரில் பொரிந்தன, உள்ளே பிள்ளைகளின் முதுகு தெளிந்தது, தெற்கு வார்டில் அழுகை நின்றது. திறப்பு விழாவுக்கு வந்த அமைச்சர் ரிப்பனை வெட்டாமல் அண்ணாந்து பார்த்தபடி நின்று, "யார் கட்டினது?" என்று கேட்டார். சுடர்க்கொடியைக் கைகாட்டப் போன சேர்மன், சுற்றி நின்ற ஊரையும் பார்த்துவிட்டு, "நாங்கதான்யா" என்றார். அவளுக்கு அது உறுத்தவில்லை. தன் பெயரைச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

ஐப்பசி மழையில் வேர்க்குரு தவிடாக உதிர்ந்து, சுவர் புதுத் தோலோடு மழமழவென்று நின்றது. சேலைகளை அவிழ்த்துத் துவைத்து மடித்து வைத்தார்கள். அடுத்த சித்திரையில் ஊரே சுவரைப் பார்த்துப் பார்த்துப் போனது. இன்னும் வரலையா, ஒண்ணுகூடவா கிளம்பலை என்று பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தது. அக்னி நட்சத்திரம் பிறந்த காலையில் பால்காரர் சைக்கிளை நிறுத்தி மணியை அடித்தார். நுங்கு வந்தது. சேலைகள் ஏறின. பேச்சித்தாய் நடக்கப் பழகிய மகனைத் தூக்கிப் பிடித்து, அவன் குட்டிக் கையால் சுவரைத் தடவ வைத்தாள். சுவர் சிலிர்த்தது, அவன் சிரித்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் சுடர்க்கொடி ஏணியில் நின்று நுங்குத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தபோது சேர்மன் வந்தார். ஜீப்பில் வரவில்லை, நடந்து வந்தார். கஞ்சிச் சட்டை இல்லை. தோளில் ஒரு துண்டுதான் கிடந்தது. கழுத்தும் முதுகும் சிவந்திருந்தன.

"சுடரு," என்றார், யாருக்கும் கேட்காதபடி. "நம்ம வீட்டு முகப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டேன். நம்ம வீட்டுச் செவுத்துக்கும் ஒரு வேர்க்குரு வர்ற மாதிரி பண்ணிக் குடும்மா."

"உங்களுக்கே வந்திருக்கே அண்ணாச்சி."

"அதான் கேக்கேன். எனக்கு வந்தது அதுக்கு வரட்டும்."

சுடர்க்கொடி ஏணியிலிருந்து இறங்கினாள். ஈரக் கையைப் பிடரித் தழும்பில் ஒரு தடவை ஒற்றிக்கொண்டு, முந்தானையில் துடைத்துவிட்டு, "மேக்க பாத்த மனைதான அண்ணாச்சி?" என்று கேட்டாள்.